சனிக்கிழமை மாத்திரை

சூடாமணிக்கு முதுகெலும்பு முறிந்தது ஒரு ஜன்னலால். அவள் கீழே விழவில்லை, பஸ் இடிக்கவில்லை, மாடிப்படியில் கால் பிசகவில்லை. போன வருஷம் ஐப்பசி மழையில் ஊறி உப்பிக் கிடந்த மர ஜன்னலை இழுத்துச் சாத்தப் பார்த்தாள். ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. கதவுதான் பிளந்துவிட்டது என்று நினைத்து மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். கதவு கிண்ணென்று இருந்தது. சரி, என்னவோ என்று உள்ளே போய் சாத்துமதுக்கு, ரசத்துக்குத்தான், புளி கரைத்தாள். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே ஓட்டினாள். வலிக்கவில்லையா என்று கேட்டால், வலித்தது. வலியைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவளிடம் அற்றுப் போயிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டு நிலவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் சித்ரகுளத்துக்குப் பின்புறத் தெருவில் இரண்டாவது மாடி. இருப்பது இரண்டே பேர்: அறுபத்தாறு வயது சூடாமணியும், அவளைவிட ஐந்து வயது சின்னவளான நாத்தனார் ஸ்ரீலக்ஷ்மியும். ஒருத்திக்குப் புருஷனாகவும் இன்னொருத்திக்கு அண்ணாவாகவும் நடுவில் இருந்த ஸ்ரீரங்கன் நாலு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். சூடாமணிக்குக் குழந்தை இல்லை. ஸ்ரீலக்ஷ்மி கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. பண்ணிக்கொள்ள நேரம் எங்கே இருந்தது? பகலில் டெலிபோன் இலாகா வேலை. வீட்டுக்கு வந்தால் பக்கவாதத்தில் கிடந்த அம்மாவைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் போடுகிற வேலை. அம்மா போய், அப்பாடா என்று உட்காருவதற்குள் அண்ணா நடுக்குவாதத்தில் படுத்தார். அவரையும் அவள்தான் தூக்கினாள். சூடாமணியும் ஒரு கை பிடித்தாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பளு முழுக்க ஸ்ரீலக்ஷ்மியின் இடுப்பில்தான் இறங்கிற்று.

ஸ்ரீரங்கன் போன அன்று சூடாமணி அழவில்லை. பத்தாம் நாளும் அழவில்லை, வருஷாப்தீகத்துக்கும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உறவு பேசிற்று. கல்லுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? உள்ளே இருந்த எலும்பெல்லாம் சல்லடையாகிக்கொண்டிருந்தது, பாவம். அவளுக்கு உள்ளுக்குள் மரத்துப் போயிருந்தது என்பதுதான் நிஜம். காப்பி சூடா இருக்கா என்று கேட்டால் இருக்கு என்பாள். ஆறிப்போச்சா என்று கேட்டாலும் ஆமாம் என்பாள். வருகிறவர்களுக்குக் காப்பி கலப்பாள், சனிக்கிழமை விரதம் இருப்பாள், கரண்ட் பில் வந்தால் கட்டுவாள். நாள் போயிற்று.

அந்த முதல் முறிவு எக்ஸ்ரேயில் தெரிந்ததும், எலும்பு டாக்டர் அடர்த்தி சோதனைக்கு அனுப்பினார். மைனஸ் நாலுக்கும் கீழே வந்தது. எலும்புப்புரை, அதுவும் முற்றிய நிலை என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் படுக்காமல் குனியாமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். சூடாமணி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவள். ‘லேபுக்குள் நுழைவதற்கு முன் இன்ஸ்ட்ரக்‌ஷனைப் படி’ என்று எத்தனை தலைமுறைப் பெண்களின் தலையில் குட்டியிருப்பாள்! அவளுக்குப் போய் யார் சந்தேகம் கேட்பார்கள்?

அவளே சந்தேகப்படவில்லை. வெறும் வயிறு என்றார் டாக்டர். சனிக்கிழமையைவிட வெறும் வயிறு எது? கல்யாணமான நாள் தொட்டு சனிக்கிழமைகளில் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மருந்துக்குத் தோஷமில்லை என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள், அதனால் மாத்திரை சரி. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீருக்கு யாரும் விலக்குக் கொடுக்கவில்லையே? ஆகவே குளித்துவிட்டு வந்து, பெருமாள் தீர்த்தத்தோடு மாத்திரையை விழுங்கினாள். வருஷம் முழுக்க ஒரு சனிக்கிழமை தவறவில்லை. ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு.

இந்தப் புரட்டாசியில் அவள் சாப்பாட்டைப் பாதியில் வைக்க ஆரம்பித்தாள். நாலாவது நாள் ஸ்ரீலக்ஷ்மி பிடித்துக்கொண்டாள். டிரங்க் கால் காலத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அவள் மெதுவாகப் பேசினாலே கீழ்வீட்டில் டி.வி.யின் சத்தத்தைக் குறைப்பார்கள்.

“என்ன மன்னி, தளிகை நன்னா இல்லையா?”

“நன்னாத்தான் இருக்கு. நெஞ்சுல நிக்கறது.”

“எத்தனை நாளா?”

“ஆச்சு, ஒரு மாசம், ஒன்றரை மாசம்.”

“ஒன்றரை மாசமா வாயைத் திறக்கலையா? சாப்பாடு இறங்கலைன்னா சொல்ல மாட்டேளா? நான் என்ன ஜோசியக்காரியா?”

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், உணவுக்குழாயில் புண். கூடவே முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்னும் இரண்டு எலும்பு நசுங்கியிருந்தது. எப்போது நசுங்கிற்று என்று சூடாமணிக்கே தெரியாது. சமையலறை மேல் அலமாரி கொஞ்ச நாளாக எட்டவில்லை. அலமாரியைக் குறை சொல்ல முடியாதே என்று மட்டும் நினைத்திருக்கிறாள்.

அங்கே எலும்பைப் பார்க்கிற டாக்டர் கயல், முப்பத்தைந்து வயசு இருக்கும். காகிதங்களையெல்லாம் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க. எலும்பு கொஞ்சம்கூட ஏறலை, தொண்டைக்குக் கீழ புண்ணு வேற. எப்படிம்மா போட்டுக்கிட்டீங்க? அப்படியே சொல்லுங்க.”

“சனிக்கிழமை கார்த்தால தீர்த்தத்தோட போட்டுப்பேன்.”

“தீர்த்தம்னா எவ்வளவு தண்ணி?”

“ஒரு உத்தரணி.”

டாக்டர் முழித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்ரீலக்ஷ்மி கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினாள். “பூஜை ஸ்பூன், டாக்டர். நாக்கு நனையும், அவ்வளவுதான்.”

“சரி, அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தீங்களா?”

“படுத்துக்கவே இல்லை. சேவிச்சுட்டு உட்காருவேன்.”

“சேவிக்கிறதுன்னா?”

“முட்டி போட்டுண்டு நெத்தி தரையில படணும், டாக்டர்,” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. அவள் குரல் இப்போதே ஏற ஆரம்பித்திருந்தது. “எங்காத்துல நாலு தரம். மன்னி, மாத்திரையை வாயில போட்டுண்டு, தலையைக் கீழ வெச்சுண்டு, முதுகை வளைச்சு வளைச்சு நாலு தரமா? கெமிஸ்ட்ரி படிச்சவாதானே நீங்கோ?”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பெருமாளையே பிடித்தும் அதே கதைதான். விழுங்கிய மாத்திரை வயிற்றுக்குப் போகாமல் நடுவழியில் ஒட்டிக்கொண்டு புண் பண்ணியிருக்கிறது. போதாக்குறைக்கு, குனியவே கூடாத முதுகு வாரா வாரம் குனிந்திருக்கிறது. வெளியே வராண்டாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஸ்ரீலக்ஷ்மி கத்தினாள். சூடாமணிக்கு வெட்கமாகக்கூட இல்லை. தப்பு பண்ணியிருக்கிறோம் என்று தெரிந்தது. பரீட்சைத் தாளில் வேறு யாரோ பண்ணிய தப்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கயல் நல்ல பெண். சிரிக்கவில்லை, அதட்டவுமில்லை. இனி மாத்திரை வேண்டாம், புண்ணைக் கிளறும் என்றாள். வருஷத்துக்கு ஒரு தடவை சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து ஒன்று இருக்கிறது, ஆனால் சூடாமணியின் கிட்னி அதைத் தாங்குகிற நிலையில் இல்லை. ஆக, மிச்சம் இரண்டு ஊசி.

“ஒண்ணு, தினமும் போடறது. பேனா மாதிரி இருக்கும், ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கணும், நீங்களே தொடையில போட்டுக்கலாம். ரெண்டு வருஷம். புது எலும்பு கட்டறதுக்கு அதுதான் பெஸ்ட். அது முடிஞ்சதும் வேற மருந்துக்கு மாறிடணும். இன்னொண்ணு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. இங்க வந்தா நாங்களே போட்டுடுவோம், உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனா அதை ஆரம்பிச்சா நிறுத்தக்கூடாது. நாள் தள்ளிப்போனா இருந்த எலும்பும் வேகமா இறங்கிடும், முதுகுல ஒண்ணு மேல ஒண்ணா உடையலாம். அதனால ஞாபகம் வெச்சுக் கூட்டிட்டு வர ஒரு ஆள், வருஷக்கணக்குல இருக்கணும். இல்லேன்னா நான் அதை ஆரம்பிக்கவே மாட்டேன்.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “உங்களுக்கு யாரும்மா இருக்காங்க?”

“யாரும் இல்லை,” என்றாள் சூடாமணி.

அதுவரை கத்திக்கொண்டிருந்த ஸ்ரீலக்ஷ்மி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. போன ஆவணியில்தான் ஸ்ரீலக்ஷ்மி கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் தனக்கென்று ஓர் அறை எடுத்திருந்தாள். தை பிறந்ததும் போவதாக ஏற்பாடு. வேளா வேளைக்குச் சாப்பாடு அவர்களே போடுவார்கள். நடக்கத் தோட்டம் இருக்கிறது. முக்கியமாக, யாரையும் தூக்க வேண்டாம். “மன்னி, நீங்களும் வரேளா?” என்று ஒரு தடவை கேட்டாள். சூடாமணி வேண்டாம் என்றாள். தானும் போய் உட்கார்ந்துகொண்டால் அது அவளுக்கு இன்னொரு மயிலாப்பூர் ஆகிவிடும் என்பது சூடாமணிக்குத் தெரியும். ஒருத்தி ஆயுசுக்கும் இரண்டு நோயாளிகளைத் தூக்கிவிட்டாள். மூன்றாவதாக வரிசையில் போய் நிற்க யாருக்கு மனசு வரும்?

ஊசி எது என்பது இப்போது வெறும் ஊசிக் கணக்கில்லை. ஆறு மாச ஊசி வேண்டும் என்றால் ஸ்ரீலக்ஷ்மி போகக் கூடாது. அதை இருவரும் புரிந்துகொண்டுதான் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தார்கள்.

திரும்பி வந்த ஆட்டோவை ஓட்டியவர் ஹபீபுர் ரஹ்மான், தெருமுனை ஸ்டாண்டில் எப்போதும் நிற்பவர். வேகத்தடை ஒன்றில் வண்டி ஏறி இறங்கியதும் ஸ்ரீலக்ஷ்மி பாய்ந்தாள்.

“மெதுவா போங்கோன்னு எத்தனை தரம் சொல்றது? எலும்பு முறிஞ்சவா இருக்கா வண்டியில!”

“நான் இன்னாமா பண்றது? ரோடு அப்டி கீது. இதுக்கு மேல மெதுவான்னா, இறங்கித் தள்ளிக்கினுதான் போவணும்.”

“தள்ளிண்டே போங்கோ!”

பாவம் மனுஷர், அப்புறம் மயிலாப்பூர் வரை நடை வேகத்திலேயே ஓட்டினார். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் அவரைத் திட்டிக்கொண்டு போனார்கள். சூடாமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தாள். உடம்பு குலுங்கியது. குலுங்குகிறது என்று குறித்துக்கொண்டாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம். தி.நகரிலிருந்து ஒன்றுவிட்ட அக்கா போன் பண்ணி, பிரண்டைத் துவையல் ஒரு மண்டலம் சாப்பிட்டால் எலும்பு இரும்பாகிவிடும் என்றாள். மேல்வீட்டு சாய்சரண் கேழ்வரகு என்றான். இன்னொருவர், ஊசி போட்டால் தாடை எலும்பு போய்விடும், போட்டுக்கொள்ளவே வேண்டாம் என்று எங்கேயோ படித்ததை அனுப்பினார். சூடாமணி எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

வீட்டு வேலைக்கு வரும் தேவானைதான் நேராகக் கேட்டாள். தரையைத் துடைத்தவள் துணியைப் பிழிந்துகொண்டே, “இன்னாமா, ஊசிக்கா இவ்ளோ யோசனை? எங்க ஓர்ப்படி சக்கரைக்குத் தெனம் குத்திக்கிறா. ஒரு கைல டீ கிளாஸு, ஒரு கைல ஊசி. சீரியல் பாத்துக்கினே குத்திக்கிறா!” என்றாள்.

“எனக்கு எதுவும் வேண்டாம் தேவானை. இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்.”

“அத்தச் சொல்லு முதல்ல. ஊசி மேல ஏன் பழி போடற?” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எதுவும் வேண்டாம் என்பதை சூடாமணி ஸ்ரீலக்ஷ்மியிடமும் சொன்னாள். ஸ்ரீலக்ஷ்மி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சத்தமே இல்லை. கீழ்வீட்டு மாமி மாடியேறி வந்து, “ஊர்ல இல்லையோன்னு நினைச்சேன்,” என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

சத்தம் வந்தது கார்த்திகை பிறந்து ஒரு வாரம் கழித்து. சூடாமணி முதுகுக்கு பெல்ட் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். பால்கனியில் ஸ்ரீலக்ஷ்மி போனில் பேசினாள். ரகசியம் பேசுகிற தொண்டையா அது?

“ஆமாம், ஸ்ரீலக்ஷ்மிதான் பேசறேன். மெட்ராஸ்லேர்ந்து. அந்த ரூம் எனக்கு வேண்டாம்... இல்லை, தள்ளிப் போடறதில்லை, கேன்ஸல்தான். ஆத்துல ஒருத்தருக்கு முடியலை... நாளன்னிக்கு எழுத்துல அனுப்பறேன்.”

பேசி முடித்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் உள்ளே வரவில்லை. அப்புறம் வந்தாள், முகத்தை அலம்பிக்கொண்டாள், காய் நறுக்க உட்கார்ந்தாள். கத்தரிக்காயை வழக்கத்தைவிடப் பெரிது பெரிதாக நறுக்கினாள். சூடாமணி கட்டிலில் இருந்தபடியே அந்த முதுகைப் பார்த்தாள். நேரான முதுகு. இரண்டு பேரைச் சுமந்தும் வளையாத முதுகு.

“லச்சு, நாளைக்கு டாக்டர்கிட்ட போகலாமா?” என்றாள். “தினசரி ஊசி போட்டுக்கறேன். நானே போட்டுப்பேன்.”

கத்தி நின்றது.

“வேண்டாம்னேளே?”

“இப்போ வேணுங்கறேன்.”

மறுநாள் போனார்கள். நர்ஸ் நிஷா என்றொரு பெண், முதலில் ஒரு ரப்பர் தலையணையில் குத்திப் பழக்கினாள். ஊசி முனையை மாட்டு, குமிழை இழு, தோலில் நேராக வை, அழுத்து, மெதுவாக எண்ணு, எடு. முப்பது வருஷம் பியூரெட்டும் பிப்பெட்டும் பிடித்த கை. ஒரே தடவையில் வந்துவிட்டது. அதன்பின் நிஜ ஊசி. புடவையை முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, வெளுத்துச் சுருங்கிக் கிடந்த தன் தொடையில் சூடாமணி ஊசியை வைத்து அழுத்தினாள்.

“சூப்பர்மா! பயமே இல்லையே உங்களுக்கு. வலிச்சுதா?”

“தெரியலை,” என்றாள். அது வீராப்பு இல்லை, பொய்யும் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

முதல் ஊசிக்குத் தலை சுற்றலாம் என்று அரை மணி உட்கார வைத்தார்கள். டாக்டர் கயல் வந்து நாடி பார்த்தாள். இனி குனிவது, வாளி தூக்குவது, உடம்பைத் திருகுவது, முட்டி போட்டுச் சேவிப்பது எல்லாம் கிடையவே கிடையாது, நின்றுகொண்டே கை கூப்பினால் சாமி கோவிச்சுக்காது என்றாள். பிறகு ஸ்ரீலக்ஷ்மி பக்கம் திரும்பி, “உங்களுக்கு இனி ரொம்பக் கவலை வேண்டாம் மேடம். அவங்க தனியாவே சமாளிச்சுப்பாங்க,” என்றாள். ஸ்ரீலக்ஷ்மி தலையை ஆட்டினாள். மகிழ்ச்சியான செய்திதானே அது? முகம் மட்டும் யாரோ அறைந்த மாதிரி ஆகிவிட்டது.

திரும்பும்போது ஹபீபுர் ரஹ்மான் வேகத்தடையில் வண்டியைத் தூக்கிப் போட்டார். பின்னால் எந்தச் சத்தமும் வரவில்லை என்றதும் கண்ணாடியில் பார்த்து, “இன்னாமா, உடம்பு சரியில்லியா?” என்று ஸ்ரீலக்ஷ்மியைத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் ஸ்ரீலக்ஷ்மி நேராகச் சமையலறைக்குப் போனாள். ஐஸ் பையிலிருந்து ஊசிப் பெட்டியை எடுத்து, ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவுத் தட்டில் வைத்தாள். ஃப்ரிட்ஜைச் சாத்தாமல் அப்படியே திரும்பினாள்.

“மன்னி, அன்னிக்கு டாக்டர்கிட்ட யாரும் இல்லைன்னேளே. பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தது யாரு? பிசாசா?”

சூடாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ போறவ, லச்சு. போறவளைக் காட்டி இதோ இருக்கான்னு எப்படிச் சொல்றது?”

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னேளா? சொல்லியிருந்தா இருந்திருப்பேனே. சொல்லாமலேதான் ரூமை வேண்டாம்னுட்டேன்.”

“காதுல விழுந்தது. அதனாலதான் இந்த ஊசி. திருப்பிப் போன் பண்ணு. எழுத்துல இன்னும் அனுப்பலையோன்னோ, ரூம் இருக்கும்.”

ஸ்ரீலக்ஷ்மி ஏதோ கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அப்படியே, திறந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்குப் பயமா இருக்கு மன்னி,” என்றாள். இவ்வளவு சின்னக் குரல் அவளுக்கு உண்டென்று சூடாமணிக்கு அன்றுதான் தெரிந்தது. “உங்களை விட்டுட்டுப் போனா மனசு அறுக்கும். இருந்தா, நீங்க படுத்துப்பேள், நான் தூக்கணும். என்னால முடியாது. தூக்கித் தூக்கி எனக்கு அலுத்துப்போச்சு. அண்ணா போன அன்னிக்கு என்ன தோணித்து தெரியுமா? அழுகை வரதுக்கு முன்னாடி, அப்பாடான்னு வந்தது. கூடப் பிறந்தவன் போனதுக்கு, அப்பாடான்னு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்க மூஞ்சியைப் பார்க்கறப்பல்லாம் அது ஞாபகம் வரது.”

சூடாமணி சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

“எனக்கும் அதேதான் வந்தது,” என்றாள் சூடாமணி.

ஸ்ரீலக்ஷ்மி நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பாடான்னு வந்தது, லச்சு. அது வந்ததுக்கப்புறம் எப்படி அழறது? அழுதா பொய்யின்னு தோணித்து. அழாமலே விட்டுட்டேன். அப்புறம் ஒண்ணுமே வரலை. நல்லதும் வரலை, கெட்டதும் வரலை.”

அப்போதுதான் ஸ்ரீலக்ஷ்மி அழுதாள். கீழ்வீடு, மேல்வீடு, எதிர்வீடு எல்லாம் கேட்க, டிரங்க் கால் தொண்டையில் ஓவென்று அழுதாள். சூடாமணிக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் கை மட்டும் அந்தத் தலையைத் தொட வேண்டும் என்று தானாகக் கீழே போயிற்று. கை எட்டவில்லை. இடுப்பு வளைய ஆரம்பித்தது.

“குனியாதீங்கோ!” அழுதுகொண்டே ஸ்ரீலக்ஷ்மி அலறினாள். “குனியாதீங்கோ மன்னி, சொல்லிட்டேன்!”

சொல்லிவிட்டு அவளே முட்டி போட்டு எழும்பி, தன் தலையை அந்தக் கைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். சாயம் போய் வேரெல்லாம் வெளுத்திருந்த தலை. உச்சியில் வேர்வை ஈரம், கொஞ்சம் சூடு. சூடாமணிக்கு அந்தச் சூடு உள்ளங்கையில் தெரிந்தது.

“தைக்குப் போடி,” என்றாள். “நான் தினம் போட்டுண்டு, போட்டாச்சுன்னு உனக்குப் போன்ல சொல்றேன்.”

“போறேன்,” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. கொஞ்சம் கழித்து, இன்னொரு தடவையும், “போறேன் மன்னி,” என்றாள்.

போகாதேடி என்று சூடாமணிக்குத் தொண்டை வரை வந்தது. நாலு வருஷமாக எதுவும் அவளுக்கு அவ்வளவு தூரம் வந்ததில்லை. நெஞ்சு வலித்தது, புண் இருக்கிற இடத்தில் இல்லை, அதற்கும் உள்ளே எங்கேயோ, நன்றாகவே வலித்தது. வாயைத் திறந்தால் அது வெளியே வந்துவிடும் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“ஃப்ரிட்ஜைச் சாத்து,” என்றாள் கடைசியில். “ஊசி கெட்டுப்போயிடும்.”